இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கொடிவழி ஆய்வு

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கொடிவழி ஆய்வு என்பது, தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இவ்விரு நகரங்களையும் சுற்றியுள்ள ஊர்களையும் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களின் முன்னோர் வரிசையைப் பொதுப் பதிவேடுகள், வீட்டு ஏடுகள், வாய்மொழித் தகவல்கள் ஆகியவற்றின் துணையுடன் கண்டறிதல் ஆகும். கொடிவழி என்பதற்கு வம்சாவளி, கால்வழி ஆகிய சொற்களும் வழங்குகின்றன. இத்தேடலில் ஈடுபடுவோர் அனைவரும் ஆர்வத்தால் மட்டும் ஈடுபடுவதில்லை. இறந்துபோன பாட்டனின் பெயரிலேயே நிற்கும் பட்டாவை மாற்றுதல், பாகவழக்கில் உறவுமுறையை மெய்ப்பித்தல், ஓ.சி.ஐ. அட்டை கோரும் வெளிநாட்டுத் தமிழர் தம் இந்திய வேரை நிறுவுதல் முதலிய தேவைகளும் இதன் பின்னால் உள்ளன.

பின்னணி

மேலைநாடுகளில் கொடிவழி ஆய்வுக்கெனத் தனி நிலையங்கள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894 இல் தொடங்கப்பட்ட கொடிவழிக் கழகத்தின் வழிவந்த பேமிலிசேர்ச் அமைப்பு, பல நாடுகளில் குடும்ப வரலாற்று நிலையங்களை நடத்தி வருகிறது. அரித்துவாரில் பண்டாக்கள் பேணும் யாத்திரிகர் ஏடுகளையும் இவ்வமைப்பு நுண்படச்சுருளில் பதிவு செய்துள்ளது. ஆனால் அவ்வேடுகள் பெரும்பாலும் வட இந்தியக் குடும்பங்களைப் பற்றியவை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இங்கு உதவாது. அமெரிக்கா 72 ஆண்டுகளுக்குப் பின் தன் கணக்கெடுப்புத் தாள்களைத் திறந்துவிடுகிறது. 1950 ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளியாயின. இங்கிலாந்தின் 1921 ஆம் ஆண்டுத் தாள்களும் 2022 இல் வெளியாயின. இந்தியாவிலோ, 1948 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி தனிநபர் விவரத்தாள்களை எவரும் பார்வையிட இயலாது. இதற்குக் கால வரம்பு ஏதும் இல்லை.

எனவே இவ்வட்டாரத்தில் ஆளைத் தேடுவதினும் நிலத்தைத் தேடுவதே எளிது. அரசு இங்கு மனிதரைக் காட்டிலும் வரி செலுத்தும் நிலத்தையே நெடுங்காலமாகக் கவனமாகப் பதிந்து வந்துள்ளது.

மாவட்ட எல்லை மாற்றங்கள்

தேடத் தொடங்குவோர் முதலில் அறியவேண்டியது இதுவே. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது இவ்வட்டம் அதனுடன் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இராமநாதபுரத்தில் அன்றி மதுரையில் இயங்கியது. 1985 மார்ச்சில் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இப்பகுதி காமராசர் மாவட்டம் எனப் பெயர் பெற்று, 1997 இல் விருதுநகர் மாவட்டம் ஆனது. முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தில் அடங்கியிருந்த இராஜபாளையமும், அண்மைக் காலத்தில் வத்திராயிருப்பும் தனி வட்டங்கள் ஆயின.

ஆகவே ஒரே புஞ்சை நிலம் நூறாண்டுக் காலத்தில் "திருநெல்வேலி ஜில்லா", "இராமநாதபுரம் ஜில்லா", "காமராசர் மாவட்டம்", "விருதுநகர் மாவட்டம்" என நான்கு வகையாகப் பத்திரங்களில் எழுதப்பட்டிருக்கலாம். பாட்டனாரின் பத்திரத்தில் திருநெல்வேலி என்று இருப்பதைக் கண்டு, குடும்பம் அந்நகரிலிருந்து குடிபெயர்ந்து வந்ததாகக் கருதிக்கொள்வது அடிக்கடி நேரும் பிழை. மாவட்டத் தலைமையிடம் விருதுநகர் எனினும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பழைய பாகவழக்குகளின் வழக்குரைகளில் கட்சிக்காரர்களின் வம்சாவளி அட்டவணை இணைக்கப்படுவது வழக்கம். அது கிடைத்துவிட்டால் மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே தாளில் அமைந்துவிடும்.

நில ஆவணங்கள்

தற்போதைய பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை அரசின் இணையத்தளத்தில் புல எண் கொண்டு காணலாம். அ-பதிவேட்டில் புதிய புல எண்ணுடன் பழைய புல எண்ணும் குறிக்கப்படுவதால், அதுவே முன்காலத்துக்குச் செல்லும் பாலம் ஆகும். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது (இது யு.டி.ஆர். என்றே பரவலாக அறியப்படுகிறது) பட்டாதாரர் பெயர்கள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது நேர்ந்த பெயர்ப் பிழைகள் இன்றும் பல குடும்பங்களை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இழுக்கின்றன. அதற்கு முந்தைய நிலையை அறிய எஸ்.எல்.ஆர். எனப்படும் நிலவரித்திட்டப் பதிவேட்டின் நகலைக் கோர வேண்டும்.

சேத்தூர் முதலிய சமீன் கிராமங்களின் நிலை வேறு. அங்கு வரிக்கணக்கு சமீன் கச்சேரியில் இருந்தது. 1948 ஆம் ஆண்டு சமீன் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அரசு அக்கிராமங்களை ஏற்று அளந்த பின்னரே அவற்றுக்கு அரசின் பதிவேடுகள் உருவாயின. கோயில் ஊழியத்துக்கோ பிராமணர்க்கோ வழங்கப்பட்ட இனாம் நிலங்களுக்கு மாறாக ஒரு நற்பேறு உண்டு. 1858 இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் ஒவ்வோர் இனாமையும் விசாரித்து, மூலக் கொடை பெற்றவர், அப்போதைய அனுபவதாரர், அவரது வயது, இருவருக்கும் இடையிலான உறவு ஆகியவற்றைப் பதிந்தது. பெரியாழ்வாரின் வழியினராகக் கருதப்படும் வேதப்பிரான் பட்டர் குடும்பம் முதல் எளிய கோயில் பணியாளர் வரை, ஆண்டாள் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த ஊரில் இப்பதிவேட்டின் பயன் தெளிவு. இனாம் பதிவேடுகளைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம்.

கிராமக் கணக்குகளில் ஓர் இடைவெளி உண்டு. பரம்பரையாகக் கணக்கு எழுதிய கர்ணம் பதவி 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். முன்னாள் கர்ணம் வீடுகளில் பழைய அடங்கல் நகல்கள் பரணில் கிடப்பது உண்டு. வணக்கத்துடன் கேட்டால் பலர் காட்டுவர்.

பதிவுத்துறை ஆவணங்கள்

கொடிவழி ஆய்வாளருக்கு மிகச் செழிப்பான மூலம் சார்பதிவாளர் அலுவலகமே எனலாம். 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கு முந்தைய சட்டங்களின்கீழ் 1860-களிலிருந்தே பத்திரங்கள் பதியப்பட்டு வருகின்றன. அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1 ஆம் புத்தகத்திலும், உயில்கள் 3 ஆம் புத்தகத்திலும், பிற ஆவணங்கள் 4 ஆம் புத்தகத்திலும் படியெடுக்கப்படுகின்றன. சட்டத்தின் 57 ஆம் பிரிவின்படி 1 ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். தான் உறவினர் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. உயிலின் நகலை, எழுதியவர் இறந்த பின்னர் எவரும் பெறலாம். இவ்வுரிமையைப் பலர் அறிந்திருப்பதில்லை.

அட்டவணைகளுள் ஒன்று ஆட்களின் பெயர்வாரியாகவும், மற்றொன்று சொத்துவாரியாகவும் அமைந்தது. இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று சொத்துவாரியானது என்பதால் புல எண் தெரியாதவர் தடுமாறுவர். அவர்களுக்குப் பெயர் அட்டவணையே வழி.

கிரையப் பத்திரத்தில் பெயர், தகப்பனார் பெயர், ஊர், பழைய பத்திரமாயின் சாதியும் தொழிலும் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரமோ சகோதரர் அனைவரையும், இறந்த சகோதரரின் மைந்தர்களையும், சொத்து வந்த வழியையும் வரிசையாகச் சொல்லும். ஆனால் அப்பத்திரங்களில் பெண்மக்கள் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்குப் பங்கு இல்லாததால் பெயரும் எழுதப்படவில்லை. 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்களித்த 1989 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமும் வந்த பின்னர், சகோதரர்கள் தம் உடன்பிறந்தாளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க வேண்டியதாயிற்று. பங்கை விட்டுக்கொடுக்கும் தாளில்தான் பல பெண்களின் பெயர் முதன்முதலாகப் பதிவேட்டில் ஏறியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிறப்பு, இறப்பு மற்றும் பிற பதிவுகள்

சென்னை மாகாணத்தில் 1899 ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1969 ஆம் ஆண்டு நடுவண் சட்டமும் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு அடிப்படை. பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இராது. "ஆண் குழந்தை" என்ற குறிப்புடன் பெற்றோர் பெயர், தெரு ஆகியவையே இருக்கும். எனவே தாயின் பெயரைக் கொண்டு தேடுவது நலம். 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி எவரும் தேடிப்பார்க்கக் கோரலாம். இறப்புப் பதிவின் நகலில் இறப்பின் காரணம் மட்டும் தரப்படாது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் பிறந்த தேதியை அப்படியே நம்புதல் கூடாது. சூன் மாதச் சேர்க்கைக்கு வயது நிறையும்படி ஆசிரியர் எழுதிய தேதிகள் அதில் ஏராளம். வாக்காளர் பட்டியலில் வீட்டு எண், வயது, தந்தை அல்லது கணவர் பெயர் இருப்பதால் அதுவும் பயன்படும். 2025 இல் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடைபெற்றபோது 2002, 2005 ஆம் ஆண்டுகளின் பட்டியல்களை இணையத்தில் பலர் தேடினர்.

வீட்டுப் பெயரும் முதலெழுத்தும்

தமிழ்க் குடும்பங்களில் முதலெழுத்து தந்தையைக் குறிப்பதால் தலைமுறைதோறும் மாறும். விசயநகரக் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறியதாகக் கூறப்படும் இராஜபாளையம் ராஜுக்களிடையே தெலுங்கு வழக்கப்படி வீட்டுப்பெயரும் உடன் நிற்கும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜாவின் பெயரில் முதலெழுத்து பூசபாடி என்னும் வீட்டுப்பெயரையும், இரண்டாம் எழுத்து சஞ்சீவி என்பதையும் குறிக்கும். ஒரே கோத்திரத்துள் மணம் செய்யாத வழக்கத்தால் கோத்திரமும் வீட்டுப்பெயரும் மறக்கப்படாமல் நிலைத்தன. ஆண்வழித் தேடலுக்கு இது பெருந்துணை.

குலதெய்வமும் வீட்டு ஏடுகளும்

நிலமற்ற குடும்பங்களுக்கு மேற்கண்ட பதிவேடுகளில் பெரும்பாலும் இடமில்லை. பிறர் நிலத்தில் உழைத்தோர் பெயரை அடங்கல் எழுதவில்லை. அவர்களுக்குக் குலதெய்வக் கோயிலே பதிவேடு. பங்குனி உத்திரத்திலோ மாசி சிவராத்திரியிலோ எவ்வூர்க் கோயிலுக்குச் செல்கின்றனரோ, அவ்வூர் பெரும்பாலும் முன்னோரின் ஊராக இருக்கும். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி தண்டிய நோட்டுகளில் மணமான ஆண்களின் பெயர்கள் ஆண்டுவாரியாக உள்ளன. திருமண மொய் ஏடுகள் இன்னும் சிறந்தவை. தாய்மாமன் முதல் தொலைவுப் பங்காளி வரை ஊர்ப்பெயருடன் பதிந்திருப்பதால், பத்திரங்களில் மறைந்த பெண்வழி உறவு இங்கு வெளிப்படும்.

கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருச்சபையின் திருமுழுக்கு, திருமண ஏடுகள் உண்டு. இராக்லாந்து அடிகளார் 1854 இல் தொடங்கிய வட திருநெல்வேலி ஊழியத்தின் வழி இப்பகுதியில் சி.எம்.எஸ். சபைகள் வளர்ந்தன. அச்சங்கத்தின் ஆவணங்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

ஆண்டுக் கணக்குகள்

பழைய பத்திரங்களிலும் சாதகங்களிலும் கொல்லம் ஆண்டு வழங்கும். தென்மாவட்டங்களில் அது ஆவணியில் தொடங்குவதால், ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824 உம், பின்னர் 825 உம் கூட்ட வேண்டும். வருவாய்க் கணக்கின் பசலி சூலை 1 இல் தொடங்கும். பசலி 1360 என்பது 1950-51. சாதகத்தில் "விரோதி, வைகாசி" என்று மட்டும் இருந்தால் 1889, 1949, 2009 ஆகிய மூன்றில் ஒன்றாகலாம். உடன் கொல்லம் 1124 என்றிருந்தால் 1949 என்று உறுதி செய்யலாம்.

கடல் கடந்தோர்

நேட்டால், பிஜி, மொரீசியசு ஆகிய நாடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் பதிவுகளில் தந்தை பெயர், மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவை இடம்பெறுவது உண்டு. மொரீசியசின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் குடியேற்ற ஆவணங்களைப் பேணுகிறது. 1910 க்கு முந்தைய பதிவில் திருநெல்வேலி மாவட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் என்றிருப்பின், வழித்தோன்றல்கள் தேடவேண்டிய மாவட்டம் இன்று விருதுநகர்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி முறையில் சென்றோருக்கு இத்தகைய தனிநபர்ப் பதிவு அரிது. 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாத்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அவ்வாறு திரும்பியோர்க்கு வழங்கிய குடும்ப அட்டையில் வீட்டார் அனைவரின் பெயரும் இருப்பதால், தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே முதற்சான்று. அட்டையைத் தொலைத்தவர்கள் ஊர்ப்பெயரையும் குலதெய்வத்தையும் கொண்டே தேடலைத் தொடங்குகின்றனர்.