மாசிக்காய்க்குள் புழு வந்தது எப்படி? கழலைப் பூச்சிகளை உற்றுநோக்கிய வரலாறு

நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மாசிக்காய் உண்மையில் காய் அன்று. மேற்காசியாவில் வளரும் ஒருவகை ஓக் மரத்தில், ஒரு சிறு குளவியின் புழுவைச் சுற்றி மரமே வளர்த்த வீக்கம் அது. இத்தகைய வீக்கங்களைக் கழலை என்பர். சில மாசிக்காய்களில் சிறு துளை ஒன்று இருக்கும். அது குளவி வெளியேறிய வழி. ஆனால் உள்ளே நுழைந்த வழியை வெளியில் காண முடியாது. இந்தப் புதிர் அறிஞர்களை நெடுங்காலம் குழப்பியது.

ரெடியின் தடுமாற்றம்

அழுகிய இறைச்சியில் புழுக்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று முன்பு நம்பினர். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பணியாற்றிய பிரான்செஸ்கோ ரெடி, 1668-இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். ஈக்கள் அண்டாதபடி துணியால் மூடிய இறைச்சியில் புழு உண்டாகவில்லை. ஆயினும் கழலையில் அவரே தடுமாறினார். கனியை உண்டாக்கும் மரத்தின் உயிராற்றலே அதனுள் புழுவையும் உண்டாக்குகிறது என்று கருதினார். உயிர் உயிரிலிருந்தே வரும் என்ற கொள்கைக்கு இது பெரிய ஓட்டையாக அமைந்தது.

மால்பீகி கண்டது

அந்த ஓட்டையை அடைத்தவர் போலோன்யா நகர மருத்துவர் மார்செல்லோ மால்பீகி. லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட அவரது தாவர உடற்கூறியல் நூலின் இரண்டாம் பகுதியில் (1679) கழலைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உள்ளது. ஓக் மொட்டின்மேல் அமர்ந்து முட்டையிடும் பூச்சியை அவர் நேரில் கண்டார். மொட்டில் இருந்த முட்டைகளும் பூச்சியின் வயிற்றில் எஞ்சியிருந்த முட்டைகளும் ஒன்றுபோலவே இருந்தன. கழலை வளர்வதற்கு முன்பே முட்டை இடப்பட்டுவிடுகிறது. நுழைந்த வழி தெரியாததற்குக் காரணம் இதுவே.

இரு பெயர், ஓர் உயிர்

அடுத்த புதிர் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. சிலவகைக் கழலைகளை ஆயிரக்கணக்கில் சேகரித்து வளர்த்தபோதும் பெண் குளவிகளே வெளிவந்தன. ஓர் ஆண்கூட இல்லை. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் நகர மருத்துவர் ஹெர்மன் அட்லர், தொட்டிகளில் சிறு ஓக் கன்றுகளை வளர்த்து, அவற்றில் குளவிகளை முட்டையிடச் செய்து, தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார். முடிவை 1881-இல் விரிவாக வெளியிட்டார்.

இலையின் அடியில் பொட்டுப்போல் ஒட்டியிருக்கும் கழலை இலையுதிர் காலத்தில் தரையில் விழுகிறது. வசந்தத் தொடக்கத்தில் அதிலிருந்து பெண் குளவிகள் மட்டும் வருகின்றன. அவை இணை சேராமலே மொட்டுகளில் முட்டையிடுகின்றன. அங்கே திராட்சைபோல் உருண்டையான வேறுவகைக் கழலை தோன்றுகிறது. அதிலிருந்து ஆணும் பெண்ணும் வெளிவந்து இணைசேர, அப்பெண்கள் இலையில் முட்டையிடுகின்றன. மீண்டும் பொட்டுக் கழலை உருவாகிறது. இரண்டு தலைமுறைக் குளவிகளையும் வெவ்வேறு இனங்களாகக் கருதி அதுவரை வெவ்வேறு பேரினப் பெயர்களால் அழைத்து வந்தனர்!

நம் வயலில்

இவ்வகை உற்றுநோக்கல் ஏட்டறிவுக்கு மட்டும் உரியதன்று. நெற்பயிரைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈயும் கழலைப் பூச்சியே. கொசு அளவே உள்ள அந்த ஈ இடும் முட்டையிலிருந்து வரும் புழு, தூரின் வளர்நுனிக்குள் புகுந்துவிடுகிறது. அந்தத் தூர் வெங்காயத் தாள்போல் குழலாக நீள்கிறது. அதில் கதிர் வராது. குழல் கண்ணில் படும்போது அந்தத் தூர் கைவிட்டுப் போய்விட்டது. அதற்கு முந்தைய பருவங்களை அறிந்தால்தான் பயிரைக் காக்க முடியும்.

இந்தியக் கழலைகளை விரிவாக ஆராய்ந்தவர்களில் எம். எஸ். மணி முதன்மையானவர். கழலைகளின் சூழலியல் பற்றிய அவரது நூல் 1964-இல் வெளிவந்தது.

கழலையைச் சேகரித்து வளர்க்கும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அதிலிருந்து வெளிவரும் பூச்சியெல்லாம் அதை உண்டாக்கிய பூச்சி அன்று. உள்ளிருக்கும் புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவியாகவும் இருக்கலாம். குடியேறிய விருந்தாளியாகவும் இருக்கலாம். முட்டையிடுவது முதல் வெளிவருவது வரை முழுச் சுழற்சியையும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.