ஜல்லியும் கண்ணாடியும்
ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் நாமத்தைத் தாங்கி, கும்பினியாரின் பட்டாளம் தங்கியிருந்த கன்டோன்மென்ட் என்ற கீர்த்தியோடு பாலாற்றங்கரையில் விளங்கிய வாலாஜாபாத், இன்று பாறையை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர்களுக்கும், அந்த ஜல்லியைச் சுமந்து இரவு பகலாக ஓடும் டிப்பர் லாரிகளுக்கும் பிரசித்தம் பெற்றிருப்பது காலத்தின் விநோதமே. கப்பிச் சாலையில் மாட்டு வண்டி ஊர்ந்த காலத்திலும் சக்கரத்தடியில் கல் நசுங்கிற்று. ஆனால் அது எவர் முகத்திலும் தெறிக்கவில்லை. வேகம் இருமடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும் என்பதால், முன்செல்லும் லாரியின் டயர் வீசும் சிறுகல், பின்தொடர்ந்து விரையும் காரின் கண்ணாடிக்குத் தோட்டாவே ஆகிவிடுகிறது.

எனினும் கண்ணாடி சிதறி மேலே விழாததற்கு, 1903-இல் கைதவறி விழுந்த குடுவையொன்று, உள்ளே உலர்ந்திருந்த செல்லுலோஸ் படலத்தால் விரிசலுற்றும் உதிராமல் நின்றதைக் கவனித்த எதுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சுக்காரருக்கே நாம் நன்றி பாராட்டவேண்டும். 1909-இல் அவர் காப்புரிமை கோரிய உபாயத்தின் வழியில்தான், இன்றும் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் ஒன்று ஒட்டப்படுகிறது. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டுமே சில்லு பெயரும். ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த கண்ணாடிக்கு உட்புறம் ஏசியின் குளிர் படும்போது, அந்த அற்ப வடு ஓசையின்றி நீண்டு முழுக்கண்ணாடியையும் குறுக்கே கிழித்துவிடுவதுண்டு. கல்லைப் போலவே கண்ணாடியும் இப்பகுதிக்கு அந்நியமன்று: 1665-இல் பதினான்காம் லூயி மன்னனின் ஆதரவில் பிரான்ஸில் தோன்றிய சான்-கோபேன் நிறுவனம், 2000-ஆம் ஆண்டு முதல் அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி வார்க்கிறது. கல்லும் கண்ணாடியும் ஒரே ஜில்லாவில் பிறந்து, ஒரே சாலையில் சந்திக்கின்றன.