ராயகிரியிலிருந்து மதுரைக் கிளை வரை: பவர் பத்திரமும் முடிவெடுக்க இயலாத முதியோரும்

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்திலுள்ள ராயகிரி போன்ற பேரூரில், வயதான தாய்க்கோ தந்தைக்கோ நடமாட்டம் குறைந்ததும் வீட்டாருக்கு முதலில் தோன்றுவது பவர் பத்திரம். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பெயருக்குப் பொது அதிகார ஆவணம் ஒன்றை எழுதிப் பதிந்துவிட்டால் வங்கி, வயல், வீட்டுவரி எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை சட்டத்தில் எங்கே முறிகிறது, முறிந்தபின் அந்தக் குடும்பம் எந்த வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முறியும் இடம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 201-ஆம் பிரிவு. பவர் எழுதிக்கொடுத்தவர் இறந்தாலும் முகமை முடிகிறது, சித்தசுவாதீனம் இழந்தாலும் முடிகிறது. மறதிநோய் முற்றி, மகன் கையெழுத்து உண்மையாகவே தேவைப்படும் நாளில் பத்திரம் செல்லாததாகிவிடுகிறது. அடுத்த பிரிவைப் படிக்கும்போதுதான் இதன் அநீதி முழுதாகப் புரிகிறது. முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை நலன் இருந்தால், அதற்குக் கேடு வரும்படி முகமையை முடிக்க முடியாது என்கிறது 202. பணம் கொடுத்துவிட்டுப் பவர் வாங்கியவரின் நலன் காக்கப்படுகிறது. தன்னைப் பராமரிப்பதற்காகப் பவர் கொடுத்த முதியவருக்கு அந்தக் காப்பு இல்லை.

தமிழ்நாட்டுப் பதிவு நடைமுறை இந்த ஓட்டையை மறைத்துவிடுகிறது. பவர் ஏஜெண்ட் ஒருவர் கிரயம் எழுத வந்தால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்று மருத்துவரிடம் பெற்ற உயிர்வாழ் சான்றைச் சார்பதிவாளர் கேட்கிறார். இறந்தவர் பெயரில் நடந்த மோசடிகளைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் 201 இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. சான்று ஒன்றுக்கு மட்டுமே விடை சொல்கிறது. தன் பிள்ளைகளையே அடையாளம் தெரியாத நிலையில் ஒருவர் படுத்திருக்கலாம். மூச்சு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அவர் நிலம் கைமாறலாம். இப்படி நடந்த கிரயம் பல ஆண்டு கழித்து உடன்பிறந்தார் வழக்கில் சாய்ந்தால், வாங்கியவரும் சேர்ந்து நட்டப்படுகிறார்.

பத்திரம் செல்லாதபோது பாதுகாவலர் நியமனம் ஒன்றே வழி. இதற்கு நீண்ட வரலாறு உண்டு; அது சொத்தைச் சுற்றியே வளர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1804-ஆம் ஆண்டின் 5-ஆம் ஒழுங்குவிதி கோர்ட் ஆஃப் வார்ட்ஸை உருவாக்கி, நிர்வகிக்க இயலாத ஜமீன்தார்களின் நிலத்தை அதன் பொறுப்பில் வைத்தது. எட்டயபுரம் ஜமீன் அப்படி அதன் கீழ் இருந்ததை இந்த வட்டாரத்தார் அறிவர். கிழக்கிந்தியக் கும்பினியின் கவலை, ஜமீன்கள் செலுத்தும் பேஷ்குஷ் வரி தவறாமல் வர வேண்டும் என்பது. ஜமீனின் குடியானவர் மனம் தடுமாறினால் எந்த அலுவலகமும் அவருக்காகத் திறக்கவில்லை. பின்னர் 1912-ஆம் ஆண்டின் சட்டமும், அதை நீக்கிய 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தன: விசாரணை நடத்திப் பாதுகாவலரையும் சொத்து மேலாளரையும் அது நியமிக்கலாம்.

2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அந்த அத்தியாயத்தைக் கைவிட்டது. சிகிச்சைக்கு நியமனப் பிரதிநிதி உண்டு, முன்கூட்டிய உத்தரவு எழுதும் உரிமை உண்டு. இவை பெரிய முன்னேற்றங்கள். சொத்தை யார் நிர்வகிப்பது என்பதற்கு மட்டும் அதில் விடையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 14-ஆம் பிரிவு வரையறைக்குட்பட்ட பாதுகாவலரை நியமிக்க வழி தருகிறது. ஆயினும் அதன் அட்டவணையில் மறதிநோய் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. தம் தந்தை அதற்குள் அடங்குவார் என்று குடும்பம்தான் வாதாடி நிறுவ வேண்டும். மைனர்களுக்கான 1890-ஆம் ஆண்டின் சட்டமோ வயது வந்தோருக்குப் பயன்படாது.

எஞ்சுவது அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்துக்குத் தரும் ரிட் அதிகாரம். கோமாவில் இருப்போருக்குப் பாதுகாவலர் நியமிக்கும் நெறிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வகுத்தது: மருத்துவக் குழு அறிக்கை, வருவாய்த்துறையின் நேரடி விசாரணை, பாதுகாவலர் காலமுறைப்படி தாக்கல் செய்யும் கணக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல், கோமாவிலிருந்த கணவரின் சொத்தை அவர் சிகிச்சைக்காகவும் குடும்பத்துக்காகவும் விற்க மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. 50 இலட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போடவும் நிபந்தனை விதித்தது. தனி நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லியிருந்த அப்பெண்ணுக்கு இரு நீதிபதிகள் அமர்வில்தான் வழி பிறந்தது. மனிதாபிமானமுள்ள தீர்ப்பு. ஆனால் ராயகிரியில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வக்கீல் கட்டணமும் போக்குவரத்தும் சேர்ந்தால், காப்பாற்ற வேண்டிய சொத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் உண்டு என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரையும் ரிட் மனு வழியாகக் காக்க இயலாது.

சிங்கப்பூர் 2008-இல் மனத்திறன் சட்டம் இயற்றி, 2010 முதல் நீடித்த அதிகாரப் பத்திரத்தை நடைமுறைப்படுத்தியது. தெளிவோடிருக்கும்போதே, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர் அல்லது வழக்கறிஞர் முன்னிலையில் எழுதி, பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிகிறார்கள். திறன் இழந்தபின் அது உயிர்பெறுகிறது. 201-ஐத் திருத்தி இதற்கு இடம் தரவேண்டும் என்பது என் முதல் வாதம். எனினும் அதை அப்படியே இறக்குமதி செய்யக்கூடாது. நம் ஊர்களில் பவர் வாங்குபவரே பெரும்பாலும் வாரிசு. தாய் எவ்வளவு குறைவாகச் செலவிடுகிறாரோ அவ்வளவு அதிகம் அந்த வாரிசுக்கு மிஞ்சும். நலன் முரண்படும் விவகாரத்தில் உதவியாளர் விலகி நிற்க வேண்டும் என்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை இங்கும் விதியாக்க வேண்டும். பதிவை எல்லாப் பிள்ளைகளுக்கும் அறிவிக்க வேண்டும் என்ற விதியொன்று, மகள்களுக்குத் தெரியாமல் மகன்கள் பவர் பதிவதற்கும் தடைபோடும்.

பத்திரமே எழுதாமல் நினைவிழந்தவர்களுக்கு வேறு ஏற்பாடு தேவை. அதன் முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் அடங்கிய உள்ளூர்க் குழு மாவட்ட அளவிலேயே பாதுகாவலரை நியமிக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்கே இப்போது அது பொருந்தும். மறதிநோயையும் கோமாவையும் அதில் சேர்த்தால் ராயகிரிக் குடும்பம் தென்காசியோடு திரும்பிவிடலாம். நியமனத்தை முழு வாழ்வுக்குமானதாக்காமல், இந்த வயல், இந்த வங்கிக் கணக்கு என்று வரையறுத்து, ஆண்டுக்கொரு முறை மறு ஆய்வு செய்ய வேண்டும். சேலை எடுப்பதையும் உறவினர் வீட்டுக்குப் போவதையும் முடிவு செய்யும் திறன், நிலம் விற்கும் திறன் போனபின்னும் நெடுநாள் இருக்கும். பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஆண்டுதோறும் கணக்கும் தரவேண்டும் என்று அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அந்தக் கணக்கை மற்ற பிள்ளைகளும் பார்க்க உரிமை தருவது சிறு மாற்றம். அதற்காகச் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ காத்திருக்க வேண்டியதில்லை; குழு தன் நியமன ஆணையிலேயே அதை நிபந்தனையாக எழுதலாம்.