ஜில்லா நீதிமன்றம் வளர்ந்த வரலாறு

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊர் விட்டு வடபுலத்து நகரங்களில் குடியேறிய நம்மவர்க்குக் கோர்ட்டு என்ற சொல்லே சிறிது அச்சம் தருவதாகும். ஆயினும் ஏழைக்கும் எளியவனுக்கும் நியாயம் கிடைப்பதும் கிடையாமற் போவதும் பெரும்பாலும் ஜில்லா நீதிமன்றத்திலேதான். அம்மன்றம் தோன்றி வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

1765ஆம் ஆண்டில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிஸா ஆகியவற்றின் வரிவசூல் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஜில்லாதோறும் இரு மன்றங்களை நிறுவினார். சொத்து, கடன், வாரிசுரிமை வழக்குகளுக்குத் திவானி அதாலத்து. களவு, கொலை முதலிய குற்றங்களுக்குப் பௌஜ்தாரி அதாலத்து. முன்னதில் கலெக்டரே நீதிபதி; பின்னதில் காஜியும் முப்தியும் அமர்ந்தனர். இடையே சில மாறுதல்கள் நிகழ்ந்தும், 1787இல் வரி, நீதி, மாஜிஸ்திரேட் அதிகாரம் மூன்றும் கலெக்டர் ஒருவரிடமே குவிந்தன.

இதன் தீமை ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு எளிதில் விளங்கும். டிக்கெட் விற்கும் குமாஸ்தாவே தம் கணக்கைத் தாமே தணிக்கை செய்துகொண்டால், அவர் எத்துணை யோக்கியராயினும் பிறர் நம்புவரோ? வரி தண்டியவரிடமே அவ்வரி அநியாயமென முறையிட நேர்ந்த குடியானவன் நிலையும் அதுவே.

1793இல் காரன்வாலிஸ் பிரபு இக்குறையை நீக்க முற்பட்டார். கலெக்டரின் நீதி அதிகாரத்தை அகற்றி, ஜில்லா நீதிபதி என்னும் தனி அதிகாரியை நியமித்தார். கலெக்டர் தம் உத்தியோகச் செயலுக்காகவும் கோர்ட்டில் பதில் கூறவேண்டும் என்று விதித்தார். ஐம்பது ரூபாய் வரையுள்ள வழக்குகளை விசாரிக்க இந்தியர்களான முன்சீப்புகள் அமைந்தனர். 1802இல் இம்முறை சென்னை மாகாணத்திற்கும் வந்தது.

ஆயினும் இப்பிரிவினை நிலைக்கவில்லை. 1816இல் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி சென்னை மாகாணத்தில் மாஜிஸ்திரேட் அதிகாரம் கலெக்டரிடமே திரும்பியது. 1859க்குப் பின் வங்காளத்திலும் அவ்வாறே ஆயிற்று. ஜில்லாப் போலீசை மேற்பார்க்கும் அதிகாரியின் கீழேயே குற்றம் விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டுகளும் பணிபுரிந்தனர். காங்கிரஸ் மகாசபை தன் தொடக்க ஆண்டுகளிலிருந்தே இதனைக் கண்டித்து வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 50ஆம் பிரிவு, நீதித்துறையை நிர்வாகத்தினின்றும் பிரிக்க அரசு முயலவேண்டுமென்று கூறிற்று. சில மாநிலங்கள் முன்னரே அவ்வாறு செய்தன. 1974 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தால், குற்ற விசாரணை உயர்நீதிமன்றத்தின் கீழுள்ள நீதித்துறை மாஜிஸ்திரேட்டுகளிடம் வந்தது. காரன்வாலிஸ் தொடங்கிய காரியம் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் கழித்தே இந்த அளவுக்கு நிறைவேறிற்று.

இனி மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1837 வரை வங்காளத்துக் கோர்ட்டு நடவடிக்கைகள் பாரசீகத்தில் நடந்தன. வழக்காடும் உழவனுக்குத் தன் வழக்கே விளங்கவில்லை. அவ்வாண்டுச் சட்டத்தால் அந்தந்தப் பிரதேச மொழிகள் இடம்பெறத் தொடங்கின. அயல் மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இச்செய்தி முக்கியமானது. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குப் புரியாத மொழியில் சாட்சியம் கூறப்பட்டால், அதனை அவனுக்குப் புரியும் மொழியில் திறந்த மன்றத்திலேயே பெயர்த்துக் கூறவேண்டும் என்பது சட்டம். இது சலுகையன்று, உரிமை. நம்மவர் எவரேனும் மொழி தெரியாமல் கோர்ட்டில் நிற்க நேரின், வாய்மூடி நில்லாது இதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர் ஒருவரிடம் சொற்பச் சம்பளத்தில் ஊழியம் பார்த்த தஞ்சை ஜில்லாச் சிறுவன் முத்துசாமி, பின்னர்த் தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப்பாகி, இறுதியில் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாய் வீற்றிருந்ததை நாம் அறிவோம். கீழ்ப்படியிலுள்ள கோர்ட்டே அவருக்கு ஏணியாயிற்று. மக்களுக்கும் நீதியின் முதற்படி அதுவே. அப்படி உறுதியாயிருந்தாலன்றி மேலுள்ள மாடங்கள் எத்துணை உயர்ந்தும் பயனில்லை.