120 வயது ஹன்சாக்காரர்: இந்தச் செய்தியை முதலில் சொன்னது யார்?



ஹன்சா மக்கள் பற்றிய பதிவு மறுபடியும் நம்ம பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பாகிஸ்தானின் வடக்கே மலைப் பள்ளத்தாக்கில் வாழும் முஸ்லிம்களாம், 120 வயது வரை இருப்பார்களாம், புற்றுநோயே கிடையாதாம். காரணம் அப்ரிகொட் பழமும் அதன் கொட்டைப் பருப்புமாம். பகிர்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் பகிர்கிறார்கள். ஆனால் ஹதீஸ் கலை நமக்குச் சொல்லித்தந்த ஒரு பழக்கம் இருக்கிறது: செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் அறிவிப்பாளர் வரிசையைப் பார். அப்படியே இதையும் பார்ப்போம்.

வரிசையின் தொடக்கத்தில் நிற்பவர் டொக்டர் ரொபர்ட் மக்கரிசன். பிரிட்டிஷ் ஆட்சியின் மருத்துவ சேவையில் 1904 முதல் 1911 வரை கில்கிட் பகுதியில் இருந்தார். ஹன்சா மக்களின் உடல் உறுதியைக் கண்டு வியந்து, அவர்கள் நீண்ட ஆயுள் உள்ளவர்கள் என்று 1921இல் எழுதினார். அவர் கண்ணால் கண்ட சாட்சிதான். ஆனால் வயதைச் சரிபார்க்க அங்கே பிறப்புப் பதிவு இருக்கவில்லை.

பிறகு அவர் தமிழ்நாட்டின் குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்தார். ரொட்டி, பால், பருப்பு, மரக்கறி கிடைத்த எலிகள் கொழுத்தன. அரிசியையே நம்பிய மதராஸ் சாப்பாட்டில் மெலிந்தன. இது பெறுமதியான வேலை. ஆனால் எலிகளைப் பார்த்தது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். மனிதக் கணக்கில் ஐம்பது, ஐம்பத்தைந்து வயது. அதிலிருந்து 120 வயது வராது.

அடுத்த அறிவிப்பாளர்கள் ரெஞ்ச் (1938), அமெரிக்காவின் ரொடேல் (1948). இருவரும் ஹன்சா பற்றிப் புத்தகம் எழுதினார்கள். ரொடேல் ஹன்சாவுக்குப் போனதே இல்லை. இன்றைய பதிவுகள் பெரும்பாலும் இந்தப் புத்தகங்களின் பிள்ளைகள்.

அங்கே போய்த் தங்கியவர் என்ன சொன்னார்? ஜோன் கிளார்க் என்ற அமெரிக்கர் 1950, 51இல் சுமார் இருபது மாதம் இருந்து சின்ன மருந்தகமும் நடத்தினார். மலேரியா, வயிற்றளைச்சல், புழு, கண்நோய் என்று ஆயிரக்கணக்கான நோயாளிகள் அவரிடம் வந்தார்கள். இவர் புத்தகத்தை யாரும் பகிர்வதில்லை.

1973இல் டொக்டர் அலெக்சாண்டர் லீஃப், ஹன்சா, எக்குவடோரின் வில்கபம்பா போன்ற ஊர்களைப் பற்றி நெஷனல் ஜியோகிரபிக்கில் எழுதினார். வில்கபம்பாவில் 121 வயது என்று சொன்ன ஒருவர், சில வருடத்தில் திரும்பப் போனபோது 130ஐத் தாண்டியிருந்தார்! லீஃபுக்கே சந்தேகம் வந்தது. 1979இல் வெளியான ஆய்வில் பதிவேடுகளை ஒப்பிட்டார்கள். அந்த ஊரில் நூறு வயதானவர் ஒருவரும் இல்லை, மூத்தவருக்கு 96.

அவர்கள் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. நம்ம உம்மும்மாமாரைக் கேளுங்கள்: "57 வெள்ளத்துல நான் குமரு," "78 சூறாவளிக்கு முதல் மூத்தவன் பிறந்தான்" என்பார்கள். அனுமான வயதுச் சான்றிதழ் எடுத்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! பதிவில்லாத இடத்தில் வயது என்பது மதிப்பீடு. முதுமைக்கு மரியாதை உள்ள இடத்தில் அது மெல்லக் கூடும்.

இதைச் சும்மா ஒரு கதை என்று விட முடியாது. அப்ரிகொட் பருப்பில் உள்ள அமிக்டலின் வயிற்றுக்குள் போய் சயனைட்டை வெளிவிடும். அதை "விற்றமின் பி17" என்று விற்கிறார்கள். அப்படியொரு விற்றமினே இல்லை. அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரமும் இல்லை. மகரகமவில் சிகிச்சை எடுக்கும் ஒருவர், கிளினிக்குப் போகும் நாளில் இந்தப் பதிவை நம்பி வீட்டில் நின்றுவிட்டால், அந்தத் தவணை திரும்ப வராது.

மரக்கறி, பழம், தவிட்டரிசி, நடை எல்லாம் நல்லதுதான். அவற்றுக்கு ஹன்சாவின் சாட்சி தேவையில்லை. அடுத்த முறை இப்படிப் பதிவு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: வயதை எந்தப் பதிவில் பார்த்தார்கள்? சொன்னவர் நேரில் போனாரா? இதை நம்பினால் யாருக்கு விற்பனை? பதில் இல்லாவிட்டால் பகிராதீர்கள். மருந்தை நிறுத்த நினைப்பவர் முதலில் தன் டொக்டரிடம் பேசட்டும்.