மின்தெளிப்பின் வரலாற்றில் மின்னிறக்கத்தின் இடம்

திரவத்தை மின்புலத்தால் நுண்துளிகளாகச் சிதறச் செய்யும் மின்தெளிப்பின் வரலாறு பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் சொல்லப்படுகிறது. ஒரு துளி எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்கும் என்று 1882இல் ரேலி பிரபு கணக்கிட்டார். வலிய மின்புலத்தில் திரவப் பரப்பு 49.3 பாகை அரைக்கோணமுள்ள கூம்பாகும் என்று 1964இல் ஜி.ஐ. டெய்லர் நிறுவினார், அத்தகைய தெளிப்பிலிருந்து புரத அயனிகளைப் பெற்ற ஜான் ஃபென் 2002ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இந்த வரிசையில் மின்னிறக்கம் தலைகாட்டுவதில்லை. காட்டினாலும் சோதனையைக் கெடுக்கும் தொல்லையாகவே வருகிறது. நுண்குழாய் முனையில் திரவம் சிதைவதைப் பற்றிய அடிப்படை அளவீடுகள் மின்னிறக்க ஆய்விலேயே பிறந்தன; துளி முந்துமா மின்னிறக்கம் முந்துமா என்ற கேள்வி அதன்பின் இத்துறையை விட்டு அகலவே இல்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதற்சான்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான் செலனி. கூரிய உலோக முனைகளிலிருந்து காற்றில் மின்சாரம் கசிவதை அவர் முன்பே ஆராய்ந்தவர். முனையின் பரப்பில் மின்புலம் எவ்வளவு என்பதை நேரடியாக அளக்க உலோகம் இடம் தரவில்லை. திரவம் தந்தது: மின்விசை பரப்பை வெளியே இழுக்கிறது, அந்த இழுப்பைத் திரவத்தின் அழுத்த மாற்றத்தைக் கொண்டு அளந்துவிடலாம். ஆகவே 1914ஆம் ஆண்டுக் கட்டுரையில் கண்ணாடி நுண்குழாய் முனையில் தொங்கிய துளி, மின்னிறக்கத்தை அளக்கும் கருவியாகவே வந்தது. அந்தக் கருவி தானே நிலைகுலைந்து சிதறியபோது செலனி அதைப் பிழையென்று ஒதுக்காமல் பின்தொடர்ந்தார். நிலைகுலையும் மின்னழுத்தத்தின் இருமடி, பரப்பு இழுவிசைக்கும் ஆரத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்ற உறவு அப்படித்தான் கிடைத்தது. இத்துறையில் இதைவிட நேர்மையான கவனிப்பை நான் அறியேன்.

அந்த உறவின் கனம் எண்களில் தெரியும். 1 மி.மீ. ஆரமுள்ள நீர்த்துளி ரேலி எல்லையை எட்டும்போது அதன் பரப்பில் மின்புலம் செ.மீ.க்குச் சுமார் 57 கிலோவோல்ட். மெத்தனாலுக்கோ ஏறக்குறைய 32. சமதளத் தகடுகளுக்கிடையே காற்று செ.மீ.க்கு 30 கிலோவோல்ட் அளவில் முறியும். வளைந்த பரப்பருகே இன்னும் கூடுதலாக வேண்டும். எனவே மெத்தனால் எளிதில் தெளிகிறது. நீரில் இரு எல்லைகளும் நெருங்கி நிற்பதால் பெரும்பாலும் கொரோனா என்னும் மின்னிறக்கம் குறுக்கிடுகிறது. நீரில் மெத்தனாலைக் கலக்கும் ஆய்வக வழக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம் இது. 1991இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இகோனோமு, பிளேட்ஸ், கெபார்லே ஆகியோர் முனையைச் சுற்றி, மின்னிறக்கத்தைத் தடுக்கும் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவைச் செலுத்தித் தூய நீரையே தெளித்துக் காட்டினார்கள்.

என் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். ஃபென்னுக்கு வழிகாட்டியது மால்கம் டோலின் 1968ஆம் ஆண்டு ஆய்வு, செலனி அல்ல என்பது ஒன்று. உண்மைதான், ஆனால் யார் யாரிடம் கற்றார் என்பது வேறு, எந்த இயற்பியல் எல்லை எல்லோரையும் கட்டுப்படுத்தியது என்பது வேறு. பறக்கும் துளி மின்னிறக்கம் இன்றியே உடைகிறதே என்பது மற்றொன்று. இது வலுவானது. மிதக்கவைத்த துளி நுண்தாரைகளாக ஏறத்தாழ 33 விழுக்காடு மின்னூட்டத்தையும் வெறும் 0.3 விழுக்காடு நிறையையும் இழப்பதை 2003இல் டுஃப்ட் குழுவினர் படம்பிடித்தனர். அங்கே என் வாதம் செல்லாது. நுண்குழாய் முனையில்தான் அது செல்லும். தெளிப்பு தொடங்குவதோ அங்கேதான். ஆகவே பாடநூல் எழுதுவோர் 1882க்கும் 1964க்கும் இடையே செலனியின் 1914ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு உரிய இடத்தைத் தர வேண்டும்.