அப்பலேச்சியன் மலைப்பாதை: விரைவுச் சாதனைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில், ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடகோடியில் மெயின் மாநிலத்துக் கட்டாடின் மலையுச்சியில் முடியும் சுமார் 2,190 மைல் நீளமுள்ள காட்டுவழி அப்பலேச்சியன் மலைப்பாதை எனப்படும். 1921-ல் பென்டன் மக்காய் என்பார் முன்மொழிய, 1937-ல் பூர்த்தியான இப்பாதையைச் சாதாரண யாத்திரிகர் ஐந்தாறு மாதங்களில் நடந்து முடிக்கின்றனர். அதே தூரத்தை ஆறேழு வாரங்களில் கடந்துவிட முனைவோரின் பிரயத்தனங்களே இங்கே கூறப்படுவன.

மரங்களிலும் பாறைகளிலும் இரண்டங்குல அகலமும் ஆறங்குல உயரமுமாகத் தீட்டிய வெள்ளைப் பட்டைகளே வழிகாட்டிகள். மெயினில் குறுக்கிடும் கென்னபெக் ஆற்றை நடந்து கடப்பது அபாயமாகையால், சிறு தோணியொன்றில் ஏற்றி அக்கரை சேர்ப்பர். பாதை அறுபடவில்லை என்பதற்கு அடையாளமாக அத்தோணியின் அடித்தட்டிலும் ஒரு வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பதைக் காணலாம். வழிநெடுகிலுமுள்ள ஏற்றங்களைக் கூட்டினால் எவரெஸ்டின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 16 மடங்காகும். ஆதலின், விரைவு என்ற சொல்லைக் கொண்டு இதனை ஓட்டப்பந்தயமாகக் கருதுதல் தவறு. பென்சில்வேனியாவின் கூர்ங்கற்களிலும், நியூ ஹாம்ப்ஷயரில் வெள்ளை மலைகளின் செங்குத்துப் பாறைகளிலும் ஓட்டம் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை; விடியுமுன் எழுந்து, இருட்டிய பின்னும் தலைவிளக்கின் வெளிச்சத்தில் நடந்து, நித்திரையிலிருந்தும் ஓய்விலிருந்தும் மிச்சம் பிடிக்கும் மணிகளே சாதனையை ஆக்குகின்றன.

நடுவரோ பரிசோ இதற்கு இல்லை. அறியாத எவரேனும் இன்னும் விரைவாகக் கடந்திருக்கலாம் என்ற அடக்கத்தினால், ‘அறியப்பட்ட மிகக் குறைந்த காலம்’ என்றே இதனைக் குறிப்பது வழக்கம். சாலைச் சந்திப்புதோறும் துணைவர் உணவும் மாற்றுக் காலணியுமாகக் காத்திருப்பது துணையுடன் செய்யும் முயற்சி. மூட்டையைத் தானே சுமந்து, வழியிலுள்ள ஊர்களில் பொருள் வாங்கிக்கொள்வது தற்சார்பு முயற்சி. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் நியாயமன்று.

1948-ல் ஏர்ல் ஷாஃபர் ஒரே பயணத்தில் முழுப் பாதையும் நடந்ததாக அறிவித்தபோது அதுவே பெருஞ்செயலாயிருந்தது. 1973-ல் வாரன் டாயில் அதனை 66 நாட்களிலும், 1991-ல் டேவிட் ஹார்ட்டன் 52 நாட்களிலும் முடித்தனர். 2005-ல் ஆண்ட்ரூ தாம்சன் 47 நாள் 13 மணி 31 நிமிடமாக அக்காலத்தைக் குறைத்தார்.

2011-ல் ஜெனிஃபர் ஃபார் டேவிஸ் என்னும் பெண்மணி, கட்டாடினிலிருந்து தெற்கு நோக்கி நாளொன்றுக்குச் சராசரி 47 மைலாக நடந்து, 46 நாள் 11 மணி 20 நிமிடத்தில் ஸ்பிரிங்கரை அடைந்தார். தொடக்கத்திலேயே முழங்காலின் கீழ் எலும்பு வலி கண்டு, வெள்ளை மலைகளில் குளிராலும் நோயாலும் நலிந்து, முயற்சியைக் கைவிடத் துணிந்த அவரை அவருடைய கணவர் தேற்றி நடக்கச் செய்தார். முன்னாளில் இதே பாதையில் சாதனை கண்ட ஹார்ட்டனும் டாயிலும் அவருக்கு உறுதுணையாக நின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. இப்பாதையின் சரித்திரத்தில் நம் மனத்தை மிகவும் கவர்வது, சாதனை கண்டவரே பின்வருவோர்க்குத் துணைநிற்கும் இவ்வழக்கமேயாகும். 2015-ல் ஸ்காட் ஜூரெக், தொடைத்தசை கிழிந்தும் முழங்கால் வீங்கியும், அவரை மூன்று மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக முந்தினார்; அப்பயணத்தில் உதவ வந்தவர்களுள் ஒருவர் கார்ல் மெல்ட்ஸர். மறு ஆண்டு மெல்ட்ஸரே, முன்னர் இருமுறை முயன்று கைகூடாத அச்சாதனையை நாடிப் புறப்பட்டபோது, தம்முடைய பெருமை பறிபோவது தெரிந்தும் ஜூரெக் அவருடன் வந்து துணைசெய்தார். மெல்ட்ஸர் 45 நாள் 22 மணி 38 நிமிடத்தில் முடித்தார்.

2017-ல் ஜோ மக்கானஹி, துணையேதுமின்றித் தற்சார்பு முறையிலேயே 45 நாள் 12 மணி 15 நிமிடத்தில் கட்டாடினை எட்டினார். 2018-ல் பெல்ஜிய நாட்டுப் பல் மருத்துவர் காரல் சபே, துணைவர் உதவியுடன், ஒரேயடியாக நான்கு நாட்களுக்கு மேல் குறைத்து 41 நாள் 7 மணி 39 நிமிடம் என்ற எல்லையை நிறுவினார். ஆறாண்டுகள் நின்ற அவ்வெல்லையை, 2024 செப்டம்பர் 21-ஆம் நாள் இரவு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 54 மைல் கடந்து ஸ்பிரிங்கர் மலையுச்சியை வந்தடைந்த டாரா டவர், 40 நாள் 18 மணி 6 நிமிடத்தில் கடந்தார். வழியெல்லாம் அவருக்கு உணவும் உடையும் ஏந்தி நின்ற துணைக்குழுவில் அவருடைய தாயாரும் இருந்தார்.